கோடை விடுமுறையில் பிள்ளைகளின் ஊதுகருவிக் கச்சேரி: சென்னையில் நடத்த நினைப்பவர்களுக்கு

கடந்த ஆண்டு மே மாதம், ஒரு சனிக்கிழமை, பிற்பகல் மூன்றரை மணி. 26 பிள்ளைகள் ஆளுக்கொரு கருவிப் பெட்டியுடன் ஒரு மண்டபத்தின் பூட்டிய கேட்டுக்கு வெளியே தார்ச்சாலையில் நின்றார்கள். ரசீதில் ‘மாலை 5 மணி முதல் 9 மணி வரை’ என்று எழுதியிருந்தது. நாற்காலி போடவும் சுருதி சேர்க்கவும் முன்கூட்டியே உள்ளே விடுவார்கள் என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம். “ஐந்து மணிக்கு முன்னால் திறக்க எனக்கு உத்தரவு இல்லை அம்மா” என்றார் காவலாளி. அவர்மேல் தவறில்லை. ஒன்றரை மணி நேரம் வெயிலில் வெந்த பிள்ளைகள் நேரே குளிரூட்டிய அரங்குக்குள் போய், பெட்டியைத் திறந்து, ஊத ஆரம்பித்தார்கள். முதல் உருப்படியிலேயே சுருதி கலைந்தது. ஒரு சிறுமி தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். ஒரு மரக் கிளாரினெட்டில் விரிசல் விழுந்தது.

என் மகள் அந்தக் குழுவில் கிளாரினெட் வாசிக்கிறாள். இந்த ஆண்டு ஏற்பாட்டுப் பொறுப்பு என் கைக்கு வந்தது. பிப்ரவரியிலிருந்து அலைந்தேன், ஜூன் முதல் வாரத்தில் 28 பிள்ளைகளுடன் கச்சேரி நல்லபடியாக நடந்தது. புல்லாங்குழல், கிளாரினெட், சாக்ஸபோன், டிரம்பெட், ஹார்ன், டிராம்போன், யூஃபோனியம், ஒரு டியூபா, தாளக் கருவிகள் என்று உள்ள ஒரு மாணவர் குழுவுக்கு என்னென்ன தேவைப்படும் என்று கற்றதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலில் மனத்தில் வையுங்கள். ஊதுகிற பிள்ளைக்கு மூச்சுதான் வில்லும் தந்தியும். நாக்கு வறண்டு, வியர்த்து, மூச்சிரைக்கும் பிள்ளையால் எத்தனை மாதம் பயின்றிருந்தாலும் ஊத முடியாது. எந்தப் படியிலாவது இதுவா அதுவா என்று குழப்பம் வந்தால், பிள்ளையின் மூச்சைக் காப்பது எதுவோ அதையே தேர்ந்தெடுங்கள்.

1. பிப்ரவரியிலேயே தேதியைக் குறியுங்கள்

கோடை விடுமுறை நீளமாகத் தெரியும். பயன்படும் நாட்கள் குறைவு. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ஏப்ரல் வரை நீளும். மே தொடக்கத்தில் நீட் தேர்வு. பிறகு பிள்ளைகள் தாத்தா பாட்டி ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். உங்கள் ஒரே டியூபா மாணவன் திருநெல்வேலியில் இருந்தால் ஒத்திகை என்பது பெயருக்குத்தான். மே 4 வாக்கில் கத்திரி தொடங்கி 28 வரை இருக்கும். இந்த நாட்களில் கச்சேரி வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

எஞ்சுவது இரண்டு வாய்ப்புகள்: ஏப்ரல் கடைசி வாரம், அல்லது பள்ளி திறப்பதை ஒட்டிய ஜூன் முதல் வாரம். நாங்கள் இரண்டாவதை எடுத்தோம். ஊருக்குப் போனவர்கள் மே 20க்குள் திரும்பிவிட வேண்டும் என்று பெற்றோரிடம் மார்ச்சிலேயே எழுத்தில் ஒப்புதல் வாங்கினேன். வாய்வார்த்தையில் விட்டிருந்தால் பாதிப் பேர் வந்திருக்க மாட்டார்கள்.

தேதியை உறுதி செய்யும் முன் நாட்காட்டியில் மூன்றைப் பாருங்கள். முகூர்த்த நாளா? ஆம் என்றால் மண்டபம், வேன், சமையல்காரர் எதுவும் எளிதில் கிடைக்காது. மண்டபம் திருவல்லிக்கேணி, ராயப்பேட்டைப் பக்கம் என்றால் அன்று சேப்பாக்கத்தில் ஐபிஎல் ஆட்டம் உண்டா? பள்ளி திறப்புத் தேதி அறிவித்துவிட்டார்களா? மூன்றாவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். வெயிலைப் பொறுத்து அரசு அந்தத் தேதியைத் தள்ளிவைப்பதுண்டு.

2. மண்டபம்: வாடகையைக் கேட்கும் முன் மேடையை அளந்து பாருங்கள்

சென்னை அரங்குகள் பலவற்றின் மேடை, ஜமக்காளம் விரித்து ஐந்தாறு பேர் உட்கார்ந்து பாடும் கச்சேரிக்குப் போதும். ஊதுகருவிக் குழுவுக்கு நாற்காலி, இசைத்தாள் வைக்கும் ஸ்டாண்டு, முழங்கை நீட்ட இடம், டிராம்போன் குழாய் முன்னே போய்வர இடம் எல்லாம் வேண்டும். ஒரு பிள்ளைக்கு 20 சதுர அடி என்று கணக்கிடுங்கள். தாளக் கருவிகளுக்குத் தனியாக 120 சதுர அடியாவது சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் 28 பேருக்கு 700 சதுர அடி தேவைப்பட்டது. டேப்பை எடுத்துப்போய் நீங்களே அளப்பது நல்லது. மேலாளர் சொல்லும் அளவில் திரைக்குப் பின்னால் உள்ள இடமும் சேர்ந்திருக்கலாம்.

எழும்பூர் பாந்தியன் சாலையில் உள்ள அருங்காட்சியக அரங்கு, ஒலிபெருக்கி இல்லாமல் வாசிப்பதற்கு நகரில் எனக்குத் தெரிந்த மிக அழகான இடம். அரைவட்டமாக ஏறும் இருக்கைகள் கொண்ட, 1896இல் கட்டிய கட்டடம் அது. ஆனால் அரசு நிர்வாகத்தின் கீழ் உள்ளது என்பதால் விண்ணப்பத்துக்குக் கால அவகாசம் கொடுக்க வேண்டும். சேத்துப்பட்டில் முத்தா வேங்கடசுப்பா ராவ் அரங்கு பெரியது. பெற்றோரும் உறவினரும் மட்டுமே வருகிற கூட்டத்துக்கு அது வெறிச்சென்று இருக்கும். முதல் தடவை நடத்துபவர்கள் பள்ளி அரங்கையோ தேவாலய அரங்கையோ முதலில் கேளுங்கள். வாடகை குறைவு, மேடை அகலம், பிள்ளைகள் காத்திருக்க வகுப்பறைகள் உண்டு. 150 பேர் மட்டும் கொள்ளும் தாழ்ந்த கூரை அறையைத் தவிர்த்துவிடுங்கள். நான்கு டிரம்பெட் ஒன்றாக ஊதினால் முன்வரிசைக்காரர் காதைப் பொத்திக்கொள்வார்.

மண்டபக்காரரிடம் கேட்டு ரசீதில் எழுதி வாங்க வேண்டியவை:

கதவு எத்தனை மணிக்குத் திறக்கும், அந்த நேரம் வாடகைக்குள் அடக்கமா என்பது. ஏசி எத்தனை மணிக்கு ஓடத் தொடங்கும், மணிக்கணக்கில் தனிக் கட்டணமா என்பது. ஜெனரேட்டர் விளக்குக்கு மட்டுமா, ஏசிக்கும் சேர்த்தா என்பது. கோடையில் மின்தடை வந்தால் இந்த ஒரு வரிதான் உங்களைக் காப்பாற்றும். வாடகையின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்த தொகையா, சேர்க்காததா என்பது. முன்பணம் எத்தனை நாளில் திரும்பும், தேதி மாறினால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பது.

ஒலி அமைப்பாளர் பற்றி ஓர் எச்சரிக்கை. அவர் பழக்கத்தில் எல்லாக் கருவிக்கும் மைக் வைக்க வருவார். அறிவிப்பாளருக்கு ஒரு மைக் போதும், கருவிகளுக்கு வேண்டாம் என்று முந்தைய நாளே சொல்லிவிடுங்கள். புல்லாங்குழல் கேட்கவில்லை என்றால் டிரம்பெட்டை மெதுவாக ஊதச் சொல்வதுதான் வழி.

3. ஆவணக் கோப்பு

ஒரு கோப்பு, ஒவ்வொன்றிலும் இரண்டு நகல். கச்சேரி அன்று அது உங்கள் கையிலேயே இருக்க வேண்டும்.

பெற்றோர் ஒப்புதல் கடிதம்: பிள்ளையின் பெயர், வகுப்பு, இரண்டு தொலைபேசி எண்கள், ஆஸ்துமா போன்ற தொந்தரவு உண்டா, இன்ஹேலர் யாரிடம் இருக்கும், புகைப்படம் வீடியோ எடுக்கச் சம்மதமா. ஆஸ்துமா கேள்வியைத் தனி வரியாகக் கேளுங்கள். ‘உடல்நலக் குறைபாடுகள்’ என்று பொதுவாகக் கேட்டபோது எல்லோரும் ‘இல்லை’ என்று எழுதினார்கள். தனியாகக் கேட்டதும் மூவர் ‘உண்டு’ என்றார்கள்.

மண்டப ஆவணங்கள்: வேண்டுகோள் கடிதம், பொறுப்பாளரின் அடையாள அட்டை மற்றும் பான் அட்டை நகல், முன்பண ரசீது. வேண்டுகோள் கடிதத்தில் ‘மாணவர் இசை நிகழ்ச்சி, அனுமதி இலவசம்’ என்று தெளிவாக எழுதுங்கள். ‘இசைக் கச்சேரி’ என்று மட்டும் எழுதியதற்கு ஓர் இடத்தில் வணிக நிகழ்ச்சிக் கட்டணம் சொன்னார்கள்.

காவல் நிலையத்துக்கு ஒரு தகவல் கடிதம்: அரங்குக்குள் நடப்பதானாலும், தேதி, நேரம், எத்தனை பேர், வாகனங்கள் எங்கே நிற்கும் என்று எழுதி, குறைந்தது 15 நாட்களுக்கு முன் அந்தப் பகுதி நிலையத்தில் கொடுங்கள். உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். முத்திரை இல்லாத கடிதத்தைக் கொடுத்ததாக நாளை நீங்கள் நிரூபிக்க முடியாது.

பூங்காவிலோ திறந்த வெளியிலோ நடத்த ஆசை இருந்தால் வேலை இரட்டிப்பாகும். இடத்துக்கு மாநகராட்சி அனுமதி, ஒலிபெருக்கிக்குக் காவல்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி இரண்டும் வேண்டும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி திறந்த வெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் உள்ள அமைதிப் பகுதிகளில் 100 மீட்டர் சுற்றளவுக்குக் கட்டுப்பாடு உண்டு. முதல் ஆண்டில் அரங்குக்குள்ளேயே நடத்துங்கள்.

டிக்கெட் விற்பதா? வேண்டாம். விற்ற மறுகணமே வரி, உரிமக் கட்டணம் எல்லாம் வேறு கணக்குக்குப் போய்விடும். அழைப்பிதழ் கொடுத்து இலவசமாக அனுமதியுங்கள். செலவைப் பெற்றோர் பகிர்ந்துகொள்ளட்டும்.

4. என்ன வாசிப்பது: உரிமை, நீளம், சுருதி

பதிப்புரிமைச் சட்டம், 1957இன்படி இசையமைப்பாளர் இறந்து 60 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும். பழைய இசையை இன்று ஒருவர் குழுவுக்கென்று கருவிவாரியாகப் பிரித்து எழுதியிருந்தால், அந்த எழுத்துக்குத் தனி உரிமை உண்டு. இதை மறந்து, எங்கிருந்தோ கிடைத்த பிரதியை நகலெடுத்துவிடுகிறோம். கல்வி நிறுவனத்தின் ஆசிரியர்களும் மாணவர்களும், நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் பெற்றோரும் மட்டுமே உள்ள அவை முன் வாசிப்பதற்கும், தொழில்முறை அல்லாத ஒரு சங்கம் கட்டணமில்லாத அவை முன் வாசிப்பதற்கும் பிரிவு 52 விலக்கு அளிக்கிறது. உங்கள் குழு எதில் அடங்குகிறது என்று அந்தப் பிரிவை வாசித்துப் பாருங்கள். பொதுமக்களுக்குத் திறந்துவிட்டுத் திரைப்பாடல் வாசிப்பதானால் இசையமைப்பாளர், பாடலாசிரியர் உரிமைகளுக்கு உரிமம் தரும் ஐபிஆர்எஸ் அமைப்பிடம் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். வீடியோவை யூடியூபில் ஏற்றுவது வேறு விஷயம். மேலே சொன்ன விலக்கு அதற்குப் பொருந்தாது. பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று ஏற்றிய ஒரு திரைப்பாடல் பதிவுக்கு இரண்டே நாளில் எங்களுக்கு உரிமைக் கோரிக்கை வந்தது.

உரிமைச் சிக்கலே இல்லாத ஒரு செல்வம் நம் கையில் இருக்கிறது. முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வர சாகித்தியங்களைச் சொல்கிறேன். மேற்கத்திய மெட்டுகளின் மேல் அமைந்தவை. கமகம் இல்லாத நேர்ச் சுரங்கள், சின்ன வரிகள். இரண்டாம் ஆண்டு மாணவனாலும் ஊத முடியும், அவையில் பாட்டிமார்கள் உதட்டசைத்துக் கூடவே பாடுவார்கள். எங்கள் ஆசிரியர் மூன்றை எடுத்துத் தாமே பிரித்து எழுதினார். அணிநடை (மார்ச்) இசை வேண்டுமென்றால் அமெரிக்க இசையமைப்பாளர் சூசாவின் படைப்புகளை முழு ஸ்கோரும் தனிப் பகுதிகளுமாக அமெரிக்க மரைன் படையின் இசைக்குழு இணையத்தில் இலவசமாகத் தருகிறது. அவை எளிதல்ல, ஒன்றுக்கு மேல் எடுக்காதீர்கள்.

மொத்தம் 45 நிமிடம். நடுவில் பத்து நிமிட இடைவேளை தனி. பிள்ளைகளின் உதடு அதற்கு மேல் தாங்காது. டிரம்பெட், ஹார்ன் வாசிப்பவர்களுக்கு அரை மணியிலேயே உதடு மரத்துவிடும். கடினமான உருப்படியை இரண்டாவதாக வையுங்கள், கடைசியில் அல்ல.

பெரிய பொறி ஒன்று இங்கேதான் உள்ளது. ஒரே இசைத்தாளை நகலெடுத்து எல்லோருக்கும் கொடுக்கக் கூடாது. புல்லாங்குழலும் டிராம்போனும் எழுதியிருப்பதையே ஒலிக்கும். கிளாரினெட், டிரம்பெட், டெனர் சாக்ஸபோன் ‘சி’ என்ற மேற்கத்திய சுரத்தைப் படித்து ஊதினால் ‘பி பிளாட்’ என்ற வேறு சுரம் ஒலிக்கும். ஆல்டோ சாக்ஸபோன் அதே சுரத்தை ஒலிக்க ‘ஜி’ என்றும், ஹார்ன் ‘எஃப்’ என்றும் படிக்க வேண்டும். எழுத்து ஒன்று, ஒலி வேறு. தாளின் இடது மூலையில் எந்தக் கருவிக்கு என்று அச்சிட்டிருக்கிறதா என ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். எங்கள் முதல் ஒத்திகையில் ஆல்டோ பிள்ளைகள் மூவர் கிளாரினெட் தாளை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் ஊதி, தங்கள்மேல்தான் பிழை என்று கண்கலங்கிவிட்டார்கள். பிழை தாளைப் பிரித்துக் கொடுத்த எனக்கு உரியது.

5. கருவிகள்

மார்ச்சில் பழுது பார்ப்பவரிடம் நாள் கேளுங்கள். மே மாதம் எல்லாக் குழுக்களும் அவரைத் தேடிப் போவார்கள். கிளாரினெட்டின் பேடு (துளைகளை மூடும் சிறு மெத்தை), டிரம்பெட்டின் வால்வு இரண்டையும் பார்த்தால் போதும், பளபளப்பு முக்கியமில்லை.

ரீடு என்பது ஊதுமுனையில் அதிரும் மெல்லிய தகடு. கிளாரினெட், சாக்ஸபோன் வாசிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நன்றாக ஊதிப் பழகிய ரீடு மூன்று இருக்க வேண்டும். அண்ணா சாலைக் கடைகளில் நாங்கள் வாங்கியபோது ஒன்று 250 முதல் 350 ரூபாய். கேட்ட எண்ணில் (ரீடின் விறைப்பைக் குறிக்கும் எண்) உடனே கிடைக்காது; இரண்டு, இரண்டரை எண் ரீடுகளுக்கு ஒரு மாதம் முன்பே சொல்லிவையுங்கள். புது ரீடைக் கச்சேரி அன்று பிரிக்கவே கூடாது.

வெயிலில் நிறுத்திய காருக்குள் கருவியை விட்டுப் போகாதீர்கள். பேடு ஒட்டியிருக்கும் பசை இளகிவிடும். மரக் கிளாரினெட் இருந்தால் இன்னும் கவனம் தேவை. குளிர்ந்த அரங்கில் எடுத்தவுடன் ஊதினால் உள்துளை மூச்சுக்காற்றில் சூடாகி ஈரமாகும், வெளிப்புறம் குளிர்ந்தே இருக்கும். அந்த இழுபறியில்தான் மரத்தில் விரிசல் விழும். முதலில் மேல்துண்டைக் கையில் பொத்திச் சற்று நேரம் சூடேற்றச் சொல்லுங்கள்.

6. ஒத்திகை

காலை 7 முதல் 9.30 வரை. அதற்கு மேல் வேண்டாம். மே 20க்குப் பிறகு 12 ஒத்திகைகள் வைத்தோம். 40 நிமிடத்துக்கு ஒரு முறை நிறுத்தித் தண்ணீர். ஊதுவதற்கு முன் ஜூஸ், ரோஸ்மில்க், மிட்டாய் எதுவும் கூடாது. சர்க்கரை எச்சிலோடு போய்ப் பேடுகளில் ஒட்டும். நீர்மோர் ஒத்திகை முடிந்த பிறகு. மின்விசிறிக் காற்றில் தாள் பறக்கும், ஆளுக்கு இரண்டு துணிக் கிளிப் கொடுங்கள்.

கடைசி ஒத்திகை ஒன்றாவது கச்சேரி நடக்கும் அரங்கிலேயே, ஏசியோடு நடக்க வேண்டும். காற்று குளிர்ந்தால் குழாய்க்குள் ஒலியின் வேகம் குறையும், சுருதி இறங்கும். ஒரு டிகிரிக்குச் சுமார் 3 சென்ட். சென்ட் என்பது சுருதியை அளக்கும் அலகு, 100 சென்ட் ஓர் அரைச்சுரம். 36 டிகிரி அறையில் சேர்த்த சுருதியை 24 டிகிரிக்குக் கொண்டுபோனால் அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை இறங்கும் என்று வருகிறது. ஊத ஊதக் கருவி சூடாகிச் சற்று ஏறும், ஆனால் டியூபா மெதுவாகவும் புல்லாங்குழல் விரைவாகவும் ஏறும். கடந்த ஆண்டு எங்களைக் கவிழ்த்தது இதுதான். இந்த ஆண்டு ஏசியை 26இல் வைத்தோம், கருவிகளை ஒரு மணி நேரம் முன்பே திறந்த பெட்டியில் அரங்குக்குள் வைத்தோம், பத்து நிமிடம் ஊதிய பிறகே சுருதி சேர்த்தோம். கீபோர்டு உடன் வாசித்தால் அதன் சுருதி அசையாது. அதற்குத்தான் மற்றவர்கள் பொருந்த வேண்டும்.

7. அந்த நாள்

டியூபா, டிம்பனி, பேஸ் டிரம், ஸ்டாண்டுகள் அனைத்தும் ஒரு குட்டியானையில் அடங்கும். பெரம்பூரிலிருந்து எழும்பூர் போய்வர 3,600 ரூபாய் ஆனது. மெத்தையும் கயிறும் நீங்களே கொண்டுபோங்கள்.

மாலை 6 மணிக் கச்சேரிக்கு எங்கள் நேர அட்டவணை இது. 2.30க்குக் கதவு, நாற்காலி, ஏசி. 3.30க்குக் கருவிகள் உள்ளே. 4 மணிக்குப் பிள்ளைகள் வருகை. நேரே உள்ளே, வாசலில் யாரும் நிற்கக் கூடாது. 4.20க்கு இட்லி, தண்ணீர், வாய் கொப்பளிப்பு. 4.45 முதல் 5.15 வரை ஊதிப் பார்த்துச் சுருதி. பிறகு அமைதியாக உட்கார்ந்திருக்க வேண்டும். இந்த நேரத்தில்தான் புகைப்படம் எடுக்க ஒவ்வொரு பெற்றோரும் பிள்ளையை வெளியே அழைப்பார்கள். கண்டிப்பாக மறுத்துவிடுங்கள்.

உடை: வெள்ளைப் பருத்திச் சட்டை, கறுப்புப் பேன்ட் அல்லது பாவாடை. கோட்டும் டையும் வேண்டாம். டை இறுகினால் மூச்சு அடைக்கும்.

8. செலவு

இந்த ஆண்டு எங்களுக்கு ஆனது: அரங்கு 28,000, அதன் மேல் ஜிஎஸ்டி 5,040. ஒத்திகை இடம் 12 நாட்களுக்கு 7,200. பழுதுபார்ப்பு 6,500. ரீடு, எண்ணெய், கார்க் கிரீஸ் 8,400. வேன் 3,600. நகலும் அழைப்பிதழும் 2,900. ஆசிரியருக்கு மதிப்பூதியம் 15,000. இட்லி, தண்ணீர் கேன், நீர்மோர் 9,600. மொத்தம் 86,240 ரூபாய். திரும்பி வரும் முன்பணம் 10,000 இதில் சேராது; அதையும் முதலில் கையிலிருந்து போட வேண்டியிருக்கும்.

28 குடும்பங்களில் நான்கால் தர இயலவில்லை. அதை யாரிடமும் சொல்லாமல் மற்ற 24 குடும்பங்களுக்குத் தலா 3,700 என்று வகுத்தோம், 88,800 வந்தது. மார்ச்சில் பாதி, மே முதல் வாரத்தில் பாதி என்று வாங்குங்கள். கச்சேரி முடிந்த பிறகு பணம் கேட்டு வாங்குவது மிகக் கடினம். வரவும் செலவும் ஒரே வங்கிக் கணக்கில் இருக்கட்டும், ஒவ்வொரு ரசீதையும் பெற்றோர் குழுவில் பகிருங்கள்.

9. முடிந்த பிறகு

கைதட்டல் ஓய்ந்ததும் பிள்ளைகள் கருவியை அப்படியே பெட்டியில் போட்டு மூடிவிட்டு ஓடுவார்கள். நிறுத்துங்கள். குழாய்க்குள் தேங்கிய நீரை வடித்து, கிளாரினெட்டிலும் சாக்ஸபோனிலும் துணி இழுத்து, ரீடைக் கழற்றித் துடைத்து, பிறகே மூட வேண்டும். மேடையைக் காலி செய்யும் முன் ஸ்டாண்டுகளை எண்ணுங்கள். மண்டப மேலாளருடன் ஒரு சுற்று நடந்து, எதுவும் உடையவில்லை என்று ரசீதின் பின்பக்கம் அவர் கையெழுத்தை வாங்குங்கள். முன்பணம் முழுதாகத் திரும்ப அந்தக் கையெழுத்து வேண்டும். எங்களுக்கு 11 நாளில் வந்தது. அதை வாங்கப் போன அன்றே அடுத்த ஜூனில் எந்தச் சனிக்கிழமைகள் காலியாக இருக்கின்றன என்று அவருடைய நோட்டைப் பார்த்துக் குறித்துக்கொண்டு வந்தேன்.